முன்பள்ளிப் பலகைக்கு எந்த எழுத்து? உருள்முனை எழுத்துருவும் அதற்கு மாற்றான இரண்டும்

கல்லடிப் பாலத்தைத் தாண்டி, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக நீளும் நிலத்துண்டில் இயங்கும் முன்பள்ளியொன்றின் பொறுப்பாளர்கள், மங்கிப்போன பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டுவதற்கு முன்பாக என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார்கள். பலகை, வகுப்புச் சுவரில் ஒட்டும் எழுத்தட்டைகள், பெற்றோருக்குக் கொடுக்கும் கைந்நூல் ஆகிய மூன்றையும் ஒரே எழுத்துருவில் அமைக்க வேண்டும், அது முனைகள் உருண்ட, வட்டவட்டமான எழுத்தாக இருக்க வேண்டும், எதை எடுக்கலாம் என்பதே அவர்கள் கேட்டது. மட்டக்களப்பில் நெடுங்காலமாக அச்சுப் பக்கங்களையும் பலகைகளையும் அமைத்துக் கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பெயரைச் சொல்லி அனுப்ப என்னால் முடியவில்லை. அவர்கள் விரும்பிய எழுத்து பலகைக்கு மிகவும் பொருத்தமானது, அட்டைகளுக்குச் சில திருத்தங்களோடு பொருந்தும், கைந்நூலுக்குப் பொருந்தாது. இதே தெரிவை எதிர்கொள்ளும் மற்றவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உருண்ட எழுத்து என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு வேறு இயல்புகள் அடங்கியுள்ளன. ஒன்று, எழுத்தின் எலும்புக்கூடு கேத்திரகணித வடிவங்களால் ஆனதாக இருப்பது. ஆங்கில ஓ ஏறத்தாழ முழு வட்டமாக இருக்கும். கோட்டின் தடிப்பு எங்கும் ஒரே அளவாகத் தோன்றும். பேனாவின் அழுத்தமும் தளர்வும் எங்கும் தெரியாது. 1927 இல் ஜேர்மனியின் பிராங்பர்ட் நகரிலிருந்த பாவர் எழுத்து வார்ப்பகம் வெளியிட்ட, போல் ரென்னர் வரைந்த ஃபியூச்சுரா இந்த வகைக்கு இன்றைக்கும் அளவுகோலாக இருக்கிறது. மற்றைய இயல்பு, கோடு முடியும் இடம் சதுரமாக வெட்டப்படாமல் அரைவட்டமாக உருண்டிருப்பது. ஃபியூச்சுராவின் முனைகள் வெட்டப்பட்டவை. அதன் வட்டத்தில் கண்டிப்பு உண்டு, கனிவு குறைவு. 1970களின் இறுதியில் வொக்ஸ்வேகன் நிறுவனத்துக்காக வரையப்பட்டு, பின்னர் ஆப்பிள் கணினிகளின் விசைப்பலகைகளில் பல ஆண்டுகள் இடம்பெற்ற வாக் ரவுண்டட் எழுத்துருவில் இரண்டு இயல்புகளும் ஒன்றுசேர்ந்தன. ஃபியூச்சுராவைப் போன்றவற்றை வெட்டுமுனை என்றும், வாக் ரவுண்டட்டைப் போன்றவற்றை உருள்முனை என்றும் குறிப்பிடுகிறேன். மூன்றாவது தெரிவாக, கேத்திரகணிதத்தை விட்டுக் கை எழுதும் நடையைப் பின்பற்றும் எழுத்துருக்கள் உள்ளன. அவற்றைக் கைவழி எழுத்துருக்கள் எனலாம்.

வட்டத்தை அடிப்படையாகக் கொண்ட எழுத்து என்றதும் அதைக் கவராயத்தால் வரைந்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. ஒரே தடிப்புள்ள இரண்டு கோடுகளில் கிடைக்கோட்டைக் கண் சற்றுத் தடிப்பாகக் காண்கிறது. ஒரே உயரமுள்ள சதுரத்தையும் வட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் வட்டம் சிறிதாகத் தெரிகிறது. ஆகவே நல்ல எழுத்துருவில் கிடைக்கோடுகள் ஒரு மயிரிழை மெல்லியவையாகவும், வட்ட எழுத்துகள் மேலும் கீழும் எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டியவையாகவும் இருக்கும். உருள்முனையில் இதற்கு மேலும் ஒரு திருத்தம் வேண்டும். அரைவட்டமாக முடியும் கோடு, அதே நீளமுள்ள வெட்டுமுனைக் கோட்டைவிடக் குட்டையாகத் தெரியும் என்பதால், வரைபவர் முனையைக் கொஞ்சம் நீட்டிவிடுவார். வெட்டுமுனை எழுத்துரு ஒன்றை எடுத்து மென்பொருளில் மூலைகளையெல்லாம் உருட்டிவிட்டால் உருள்முனை எழுத்துரு கிடைத்துவிடும் என்று நம்மூர் அச்சகங்களில் சிலர் செய்து பார்ப்பதுண்டு. அப்படிச் செய்த எழுத்தில் ட கால் தேய்ந்ததுபோலவும், ப உள்ளங்கை சுருங்கியதுபோலவும் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதைச் செய்யாதிருப்பதே நல்லது.

உருண்ட முனை அழகுக்காக மட்டும் பிறந்ததன்று. உலோகத் தகட்டில் எழுத்துப் பொறிக்கும் இயந்திரத்தின் அலகு சுழல்வது. அது நின்ற இடமெல்லாம் அரைவட்டமாகவே முடியும். நியோன் விளக்குக் கண்ணாடிக் குழாய்க்கு மூலை என்பது இல்லை. வரைபட அலுவலகங்களில் அச்சுச்சட்டத்துக்குள் ஓடிய மைப்பேனாவும் உருண்ட தொடக்கத்தையும் உருண்ட முடிவையுமே விட்டுச் சென்றது. யப்பானில் வீதிப் பலகைகளில் உருள்முனை எழுத்து நெடுங்காலமாகப் பழகிய ஒன்று. ஒரே அகலமுள்ள கருவி ஒன்று ஓடிய தடம் என்பதே இந்த எழுத்தின் உள்ளியல்பு. வட்டத்தின் ஒழுங்கு அதன்மேல் பின்னர் வந்து சேர்ந்தது.

நமக்கு இதைவிட நெருக்கமான ஒரு தடம் இருக்கிறது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது, பிள்ளையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்துத் தட்டிலுள்ள பச்சையரிசியில் அகரம் எழுதுவிக்கிறோம். விரல் போன வழியில் அரிசி இருபுறமும் ஒதுங்கி, தட்டின் அடி தெரியும். அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்தால், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம், விரல் ஊன்றிய இடமும் எடுத்த இடமும் உருண்டவை, மூலைகள் எங்குமில்லை. ஒரு பிள்ளை தன் வாழ்நாளில் முதன்முதலாக எழுதும் எழுத்து உருள்முனை எழுத்துத்தான். முன்பள்ளியின் பொறுப்பாளர்கள் இந்த வகையை விரும்பியதற்கு அடியில், அவர்கள் சொல்லாவிட்டாலும், இந்த நினைவு இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் அந்த விருப்பத்தை வெறும் நாகரிகமாகக் கருதித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தமிழ் எழுத்து என்று வரும்போது இந்த வகை வேறு விதமாக நடந்துகொள்கிறது. தெரிவின் கடினமான பகுதியும் இங்கேதான் உள்ளது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பல ஒரு வட்டமும் ஒரு கோலுமாகப் பிரிந்துவிடும். ஆகவே அவற்றைக் கேத்திரகணிதத்துக்குள் கொண்டுவருவது எளிது. தமிழில் ட, ப, ம போன்றவை நேர்கோட்டாலும் மூலையாலும் நிற்கின்றன. இ, ஐ, ஞ, ண, ன போன்றவை சுழிகளால் நிற்கின்றன. ழ, ற போன்றவை இரண்டையும் கலந்து கீழே இறங்குகின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் அடக்க முனைந்தால் எழுத்தின் அடையாளம் கெட்டுவிடும். ஆகவே தமிழில் நல்ல உருள்முனை எழுத்துரு என்பது எலும்புக்கூட்டைத் தொடாமல் முனைகளையும் வளைவுகளையும் மட்டும் கனிவாக்கிய எழுத்துருவே. சுழிகளைச் சரியான வட்டமாக்கி, மூலைகளை எல்லாம் வளைத்து, பக்கத்தில் நிற்கும் ஆங்கிலத்துக்கு நிகராக்க முயலும் எழுத்துருக்கள், தூரத்திலிருந்து பார்க்கும்போது தமிழாகத் தெரியாமல் ஏதோ ஓர் அலங்கார வரிசையாகத் தெரியும்.

எந்த எழுத்துருவையும் ஏற்றுக்கொள்வதற்கு முன்பாக நான் மூன்று சோதனைகளைச் செய்வது வழக்கம். முதலாவது, மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் அடுத்தடுத்து வைத்து, பலகையில் வரப்போகும் தடிப்பில் அச்சிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்ப்பது. உருள்முனை எழுத்துகளைக் கனத்த தடிப்பில் பயன்படுத்தும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கனம் ஏற ஏறச் சுழிக்குள் இருக்கும் வெளி குறைந்து, இரண்டு எழுத்தும் ஒரே கரும்புள்ளியாகிவிடும். இரண்டாவது, பெ, பே என்ற இரண்டையும் பார்ப்பது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு சிறு சுழியின் திருப்பம் மட்டுமே என்பதால், முனைகள் உருண்டு தடித்த எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும் அபாயம் இருக்கிறது. மூன்றாவது, வாராவாரம் என்ற சொல்லை எழுதிப் பார்ப்பது. அதில் துணைக்காலும் ரகரமும் மாறிமாறி வருகின்றன. ரகரத்தின் கீழே சரிந்து இறங்கும் கால்தான் அதைத் துணைக்காலிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. அந்தக் காலைக் குறுக்கி உருட்டிவிட்ட எழுத்துருவில் இச்சொல் வேலிக்கம்பு வரிசைபோல நிற்கும். ஆங்கிலத்தில் சிறிய எல்லும் பெரிய ஐயும் ஒன்றுபோல நிற்பதைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். நமது மொழியில் அதற்கு ஈடான சிக்கல் இதுதான்.

இலவசமாகத் தரவிறக்கக்கூடிய தமிழ் எழுத்துருக்களில் இந்தச் சோதனைகளுக்கு நான் உட்படுத்திய உருள்முனை வகை இரண்டு. எக் டைப் குழுவினர் பல இந்திய மொழிகளுக்காக வரைந்த பாலூ குடும்பத்தில், தமிழுக்கு உரியது பாலூ தம்பி. அதன் இரண்டாம் பதிப்பு 400 முதல் 800 வரையான ஐந்து தடிப்புகளில் வருகிறது; எண் கூடக் கூடக் கோடு தடிக்கும். கொய்னி என்பது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இன்னோர் உருண்ட எழுத்துரு. ஒரே தடிப்புத்தான், அதுவும் கனத்தது. பாலூ தம்பியின் நடுத்தடிப்புகளில் ண, ன வேறுபாடு தெளிவாக நிற்கிறது. ஆகக் கனத்த தடிப்பில் தள்ளி நின்று பார்த்தால் சற்றே மங்குகிறது. கொய்னி விளையாட்டுப்பொருள் உறைக்கோ பிறந்தநாள் வாழ்த்துக்கோ ஏற்றது. நிறுவனம் ஒன்றின் பெயரைப் பத்து ஆண்டுகள் சுமந்து நிற்க அது போதாது என்பது என் கருத்து.

ஆங்கிலத்துக்குத் தெரிவுகள் மிகுதி. வேர்னன் அடம்ஸ் தொடங்கி வைத்த நுனிட்டோ, பின்னர் மற்றவர்களால் விரிவாக்கப்பட்டு, இன்று 200 முதல் 1000 வரையான தடிப்புகளில் கிடைக்கிறது. 2008 இல் அன்ட்ரூ பக்லினவன் வரைந்த குயிக்சாண்ட் கேத்திரகணிதத்தில் அதைவிடக் கண்டிப்பானது. வரேலா ரவுண்ட் ஒரே தடிப்போடு நின்றுவிடுகிறது. கம்ஃபோர்ட்டா அகன்றது, பெயர் ஒன்றை அழகாகக் காட்டும், ஆனால் பலகையில் இடத்தை விழுங்கிவிடும். இவற்றுக்கிடையே முன்பள்ளிக்கு முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. நுனிட்டோவின் சிறிய ஏ, புத்தக அச்சில் வருவதுபோல மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வயிறுமாக இரண்டு மாடி கொண்டது. குயிக்சாண்டின் சிறிய ஏ, பிள்ளைகள் கொப்பியில் எழுதுவதுபோல ஒரு வட்டமும் அதன் வலப்பக்கத்தில் ஒரு கோலுமானது.

வெட்டுமுனைத் தெரிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஃபியூச்சுரா விலைக்கு வாங்க வேண்டியது. அதன் சாயலுடைய பொப்பின்ஸ் இலவசமானது, தேவநாகரி உண்டு, தமிழ் இல்லை. தமிழில் இந்த ஒழுங்குக்கு அருகில் வருவது பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரன். ஒன்பது தடிப்புகள் கொண்ட அதன் பெயர் நமது கட்டுமரத்திலிருந்து வந்தது. வங்கிக்கும், கட்டட நிறுவனத்துக்கும், தனியார் வைத்தியசாலையின் திசைகாட்டிப் பலகைகளுக்கும் இந்த வகையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்று வயதுப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துவரும் தாய் முதலில் பார்க்கும் பலகைக்கு அதன் குரல் கொஞ்சம் உயர்ந்த குரல்.

கைவழி எழுத்துருக்களின் கதை வேறு. எக் டைப் குழுவினரின் முக்த மலர், இந்தியன் டைப் பவுன்ட்ரியின் ஹிந்த் மதுரை, கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை தம்மைக் காட்டிக்கொள்ளாமல் வாசிப்பவரைச் சொல்லுக்கு அழைத்துச் செல்பவை. இவற்றில் ரகரத்தின் கால் ரகரமாகவே இறங்குகிறது. கொம்பின் சுழி திறந்திருக்கிறது. கு, மூ என்று கீழே இறங்கும் குறிகளுக்கும், கி, கீ என்று மேலே ஏறும் குறிகளுக்கும் போதிய இடம் விடப்பட்டிருக்கிறது. பலகையில் இவை தவறு செய்யாது. ஆனால் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகைக்கும் முன்பள்ளியின் பலகைக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும். பொறுப்பாளர்கள் என்னிடம் வந்ததே அந்த வேறுபாட்டை வேண்டித்தான்.

இனிப் பலகையின் வேலை. இங்கே உருள்முனை வெல்வதற்குத் தோற்றத்தோடு உற்பத்தி முறையும் ஒரு காரணம். அக்ரிலிக் எழுத்துகளைக் கணினிக் கட்டளைப்படி வெட்டும் சீஎன்சீ இயந்திரத்தின் சுழலும் முனை 3 மில்லிமீற்றர் விட்டமுள்ளதென்றால், டகரத்தின் உள்மூலை ஒருபோதும் கூராக வராது, அங்கே 1.5 மில்லிமீற்றர் ஆரமுள்ள வளைவு தானாகவே வந்துவிடும். வெளிமூலை கூராகவும் உள்மூலை உருண்டும் நிற்கும் வெட்டுமுனை எழுத்து, அருகில் வந்து பார்ப்பவருக்குக் கைத்தவறுபோலத் தெரியும். உருள்முனை எழுத்தில் இந்த முரண் எழுவதில்லை. இயந்திரம் விடும் தடமும் எழுத்தின் வடிவமும் ஒரே இயல்பானவை. வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டினாலும் இதே நன்மை உண்டு. உப்புக்காற்றும், ஆனி ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றின் வெக்கையும், மாரி மழையும் மாறிமாறித் தாக்கும் நம் கரையோரத்தில், ஸ்டிக்கர் முதலில் கிளம்புவது கூரான மூலைகளிலிருந்துதான். உருண்ட முனையில் காற்றுக்குப் பிடித்து இழுக்க இடம் குறைவு.

ஆனால் தமிழில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அதை நான் பட்டே அறிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு முன்பள்ளிக்கு உருள்முனை எழுத்தில் அக்ரிலிக் பலகை அமைத்துக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தும் ஒரு துண்டு. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாத தனித் துண்டு. கோட்டின் தடிப்பளவே விட்டமுள்ள அந்தச் சிறு வட்டுகளை இருபக்கப் பசைநாடாவால் ஒட்டுவதற்கு நான் சம்மதித்திருந்தேன். இரண்டு மாரி கழித்து அந்த வழியால் போனபோது, முன்பள்ளி என்பதிலுள்ள னகரத்தின் புள்ளி விழுந்து, பலகை முனபள்ளி என்று நின்றது. எழுத்துக் கற்பிக்கும் இடத்தின் வாசலில் எழுத்துப் பிழையை நிறுத்திய குற்றம் என்னுடையது. அதன் பிறகு புள்ளிகளை நான் பசையை மட்டும் நம்பி விடுவதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்புறம் ஓர் ஆணி வைத்துப் பலகையில் துளையிட்டு இறுக்கச் சொல்வேன். புள்ளியின் விட்டத்தைக் கோட்டின் தடிப்பைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூட்டச் சொல்வேன். சற்றே பெரிய புள்ளி தூரத்திலும் தெரியும், இறுக்கிப் பிடிக்கவும் இடம் கொடுக்கும்.

எழுத்தின் உயரத்துக்குப் பலகைக்காரர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: வசதியாக வாசிக்க வேண்டிய தூரம் ஒவ்வொரு பத்தடிக்கும் ஓர் அங்குல உயரம். முன்பள்ளி இருக்கும் ஒழுங்கையில் நாற்பது அடிக்கு அப்பாலிருந்து பெயர் தெரிந்தால் போதும் என்பதால் நான்கு அங்குலம் கணக்காகிறது. அது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் அளவிட வேண்டியது கொம்பும் சுழியும் சேர்ந்த மொத்த உயரத்தை அன்று, பகரத்தின் உடலுயரத்தை. அதை நான்கு அங்குலமாக வைத்தால் மேலேறும் குறிகளும் கீழிறங்கும் குறிகளும் தனியாக இடம் கேட்கும். பலகையின் அகலத்தை மட்டும் பார்த்து விலை பேசிவிட்டு, பிறகு தமிழை நெருக்கி ஆங்கிலத்தை விரித்து வைக்கும் வழக்கம் நம் ஊரில் இருப்பதற்குக் காரணம் இந்த உயரக் கணக்கைத் தொடக்கத்திலேயே பார்க்காததுதான்.

மும்மொழிப் பலகை என்பது இன்னொரு சிக்கல். பாலூ குடும்பத்தில் சிங்களம் இல்லை. நோட்டோ குடும்பத்தில் மூன்று மொழிகளும் ஒரே கண்ணோட்டத்தில் வரையப்பட்டு, ஒரே தடிப்புப் படிகளில் கிடைக்கின்றன. மூன்று மொழியும் சம மதிப்போடு நிற்க வேண்டும் என்பதே தலையாய நிபந்தனையாக இருந்தால், வேறெதையும் பாராமல் நோட்டோவை எடுப்பதே நேர்மையான முடிவு. அம்பாறை நகரிலோ மூன்று சமூகத்தவரும் நாளாந்தம் வந்துபோகும் அலுவலகமொன்றிலோ நான் அப்படித்தான் செய்வேன். இந்த முன்பள்ளியில் சிங்கள வரி சிறியதாகத் தமிழுக்கு மேலே வருகிறது. சிங்கள எழுத்து இயல்பிலேயே வட்டமானது. ஆகவே பாலூ தம்பிக்கு மேலே நோட்டோ சான்ஸ் சிங்களத்தை வைத்தால், முனைகளில் மட்டுமே வேறுபாடு தெரியும். தடிப்பை ஒரு படி கூட்டி நிறுத்தினால் அந்த வேறுபாடும் கண்ணை உறுத்தாது. வெவ்வேறு குடும்பங்களைக் கலக்கும்போது எழுத்துருவின் எண்ணைப் பார்த்துத் தடிப்பைப் பொருத்தக்கூடாது. அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டி, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்து, மூன்று வரிகளும் ஒரே கருமையாகத் தெரிகின்றனவா என்றே பொருத்த வேண்டும்.

எழுத்தட்டைகளில் உருள்முனைக்கு உரிமை அதிகம், பொறுப்பும் அதிகம். அட்டையிலுள்ள எழுத்தைப் பிள்ளை விரலால் தொட்டு வரையப்போகிறது. ஆகவே ஒரே தடிப்பும் உருண்ட முனையும் அரிசித் தட்டிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து பென்சிலுக்கும் ஒரு பாலமாகின்றன. ஆனால் அச்சுக்காக வரைந்த எழுத்துருவில் ழ, ஞ, ஐ போன்றவற்றின் வளைவுகள், நமது ஆசிரியைகள் கரும்பலகையில் எழுதிக் காட்டும் வரிசையோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. பிள்ளைக்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரிய வேண்டும். ஆகையால் அட்டைகளுக்குப் பாலூ தம்பியின் மெல்லிய தடிப்பை அடிப்படையாக எடுத்து, வகுப்பாசிரியை கையால் எழுதிய எழுத்துகளைப் பக்கத்தில் வைத்து, வேறுபடும் எழுத்துகளை ஆசிரியையின் கைக்கு ஏற்பத் திருத்துமாறு சொன்னேன். இது வேலை மிகுந்தது. ஆனால் அட்டையொன்றில் ஒரு வடிவமும் கரும்பலகையில் இன்னொரு வடிவமும் பார்த்துத் திகைக்கும் பிள்ளையைவிட இந்த வேலை பெரிதன்று. ஆங்கில அட்டைகளுக்கு மேலே சொன்ன ஒற்றை மாடி ஏ உள்ள குயிக்சாண்ட் போதுமானது.

கைந்நூலுக்கு வரும்போது கணக்கே விடை சொல்கிறது. பத்துப் புள்ளி (பொயின்ட்) எழுத்தளவில் அச்சிடும்போது எழுத்துருவின் முழுச் சட்டமும் ஏறத்தாழ 3.5 மில்லிமீற்றர், அதில் கோட்டின் தடிப்பு 0.3 மில்லிமீற்றருக்குள் நிற்கும். முனையின் ஆரம் 0.15 மில்லிமீற்றர்கூட வராது. அந்த உருட்சியை எந்தக் கண்ணாலும் உருட்சியாகக் காண முடியாது. மை பரவும் சாதாரணத் தாளில் அது எழுத்தின் விளிம்பு மங்கியதாக மட்டுமே தெரியும். உருள்முனையின் கனிவு கிடைக்காமல், அதன் குறைகள் மட்டும் வந்து சேரும்: சுழிகள் அடைபடும், கொம்புகள் மயங்கும், வரி முழுவதும் ஒரே தாளத்தில் உருண்டோடுவதால் கண் பிடித்து நிற்கச் சொல்லின் உருவம் கிடைக்காது. பிள்ளையின் ஒவ்வாமை, மருந்து, அவசரத் தொடர்பிலக்கம் ஆகியவை அந்தக் கைந்நூலில்தான் வருகின்றன. மட்டக்களப்பின் 065, அம்பாறையின் 063 என்ற தொடக்கங்களைக்கூட ஒருவர் அவசரத்தில் மாற்றி வாசிக்கக்கூடும் என்ற நிலையில், 3, 5, 6, 8 ஆகியவை திறந்த வாயோடு தெளிவாக நிற்கும் எழுத்துருவே அங்கு வேண்டும். ஏழு தடிப்புகளில் கிடைக்கும் முக்த மலரை உடலுக்கும், பாலூ தம்பியைத் தலைப்புகளுக்கும் வைத்தேன். இரண்டும் ஒரே குழுவினரின் கையிலிருந்து வந்தவை என்பதால் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று உறுத்தாமல் நிற்கின்றன.

கைந்நூலின் மூலப்படி பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. நமது பகுதியில் இன்றைக்கும் பல அலுவலகங்களில் இதுவே வழக்கம். பாமினி எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அந்தப் படியில் எழுத்துருவை மட்டும் மாற்றினால் பாலூவோ முக்தவோ ஆங்கிலக் குப்பையையே காட்டும். முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, மாற்றிய பிறகு கொம்புகளையும் ஔகாரத்தையும் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளும் தமிழைப் புரிந்துகொள்வதாக இருக்க வேண்டும். இன்டிசைனில் உலக மொழிகளுக்கான பந்தியமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். எழுத்துரு சரியில்லை என்று என்னிடம் திருப்பியனுப்பப்படும் படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு காரணங்களாலேயே கெட்டவை.

செலவைப் பற்றி ஒரு வரி போதும். நான் தெரிவு செய்தவை எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை; பலகைக்கும் அச்சுக்கும் வணிகத்துக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம், அட்டைகளுக்காக வடிவத்தைத் திருத்தவும் அந்த உரிமம் இடம் கொடுக்கிறது. திருத்திய எழுத்துருவைத் தனிப்பொருளாக விற்க முடியாது, பழைய பெயரிலேயே பரப்புவதற்கும் கட்டுப்பாடு இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பலகைக்காரரிடம் கொடுத்த கட்டளை இவ்வாறு முடிந்தது. தமிழ் வரி பாலூ தம்பி 2, தடிப்பு 600, பகரத்தின் உடலுயரம் நான்கு அங்குலம். 700, 800 ஆகியவை வேண்டாம், சுழிகள் திறந்திருக்க வேண்டும். ஆங்கில வரி நுனிட்டோ, தமிழைவிடச் சிறிதாக. மேலே நோட்டோ சான்ஸ் சிங்களம், ஒரு படி தடிப்பாக. நான்கு சொற்களுக்கு மேல் உருள்முனையில் வேண்டாம். முகவரியும் தொலைபேசி இலக்கமும் முக்த மலரில், கீழே, வெட்டாமல் அச்சாக. புள்ளிகள் அனைத்துக்கும் பின்னால் ஆணி. வெட்டுவதற்கு முன்பாக முழு அளவுப் படியைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு, முன்பள்ளியின் வாசலில் கட்டித் தொங்கவிட்டு, ஒழுங்கை முனையிலிருந்து காலை வெயிலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பொறுப்பாளர்கள் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே இயந்திரத்தை ஓட்ட வேண்டும்.